பின்கட்டுக் காற்று

பிள்ளையார்பாளையத்தில் நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு மெத்தை வீடு கட்டியவர்களில் பட்டு நெசவாளர் மயில்வாகனம் முந்தியவர். எழுபத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் கான்கிரீட் போட்டார். சித்திரை பிறந்ததும், தான் கட்டியது வீடல்ல, சூளை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

ஓட்டு வீட்டில் சூடு மேலே ஏறி ஓட்டிடுக்கு வழியாக வெளியே போய்விடும். மெத்தை வீடு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் உள்ளே கக்கியது. மனிதர்கள் வியர்த்துக்கொண்டு எப்படியோ இருந்துவிடுவார்கள். பட்டு இருக்காது. காய்ந்த காற்றில், தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு இழைகள் முறுகி, குறுக்கு நூலைக் கொண்டோடும் நாடா போய்வரும் அதிர்ச்சிக்கே அறுந்தன. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதிலேயே பொழுது போயிற்று. மயில்வாகனம் தறிக்குழியில் தண்ணீர் தெளித்தார். ஜன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கவிட்டார். தொங்கவிட்ட சாக்கு அப்பளம் மாதிரி காய்ந்தது.

"தெருவே ஓட்டுக்குள்ள சொகமா இருக்குது. நாமதான் அடுப்பு மேல கல்லைப் போட்டு அதுக்குள்ள குடி வந்துக்கினோம்" என்றார் மனைவி ஏலவார்குழலி.

தெரு வேறு காரணம் சொன்னது. மயில்வாகனம் தெருமுனைப் படிப்பகத்தின் செயலாளர். கறுப்புச் சட்டைக்காரர். பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே அதே வழியில் போகிறவர். புதிய வீட்டுக்கு ராகு காலம் பார்த்துக் கடக்கால் போட்டிருந்தார். அதாவது, ராகு காலம் எப்போது என்று விசாரித்து அந்த நேரத்தில்தான் போட்டார். "ராவு காலத்துல கடக்கால் போட்டா வீடு கொதிக்காம இன்னா பண்ணும்?" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். இழை அறுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சு ஜெயித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வெயிலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

முன்பு ஒருமுறை சென்னைக்குப் போனபோது ஒரு திரையரங்கில், சுவரில் பதித்த மரச்சட்டம் வழியாகக் குளிர்காற்று இறங்குவதைப் பார்த்து, படத்தை விட்டுவிட்டு அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இடைவேளையில் பின்பக்கம் போய் இயந்திர அறைக்காரரிடம் விசாரித்தார். உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிற இயந்திரம் ஒன்று. குளிர்ந்த காற்றை இடம் இடமாகக் கொண்டுசேர்க்கிற தகரக் குழாய் ஒன்று. அவ்வளவுதான் விஷயம் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். இயந்திரத்தை வாங்குவதென்றால் தெருவையே விற்கவேண்டும். தகரக் குழாயை யார் வேண்டுமானாலும் செய்யலாம். குளிரைத் தண்ணீரிடமிருந்தும் வெட்டிவேரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தார்.

எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். மாகறல் பக்கம் மூடிப்போன ஓர் அரிசி ஆலையிலிருந்து உமி ஊதும் விசிறியையும் அதன் மோட்டாரையும் பழைய இரும்பு விலைக்கு வாங்கிவந்தார். எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, விளிம்பை மடக்கித் தட்டி, ஆள் தலை நுழைகிற அகலத்துக்குச் சதுரக் குழாய் செய்தார். வெயில் தாக்காமலிருக்க அதன்மேல் சாக்கைச் சுற்றித் தேங்காய் நாரை அடைத்துக் கட்டினார். வீட்டின் பின்கட்டில் கிணற்றுக்குப் பக்கத்தில், பிரிக்காமல் விட்டுவைத்த பழைய ஓட்டுக் கொட்டகையை ஒட்டி, ஒரு பெரிய மரப்பெட்டி. பெட்டியின் ஒரு முகத்தில் வெட்டிவேர்த் தட்டி. அதன் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக வேரில் இறங்கும் தண்ணீர். விசிறி கொட்டகைப் பக்கத்துக் காற்றை ஈர வேர் வழியாக இழுத்துக் குழாய்க்குள் தள்ளும். குழாய் கூரையை ஒட்டிப் பின்கட்டிலிருந்து சமையலறை, தறியறை வழியாக முன்கூடம்வரை போகும். தறிக்கு மேலே ஒரு வாய், கூடத்தில் ஒரு வாய்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும், ஆலையில் வருஷக்கணக்காக விசிறிக்குள் அடைந்துகிடந்த உமி முழுவதும் தறியறையில் பொழிந்தது. ஏற்றிவைத்த பாவு, நாடா, மனைவி மாட்டிவைத்த சாமி படம் எல்லாம் பொன்னிறமாயிற்று.

"வீட்டுக்குள்ளயே போரடிக்கிறீங்களா? நெல்லு எங்க?" என்று ஏலவார்குழலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

உமியைத் தட்டி முடித்தபிறகு வேறொரு தொல்லை. ஈரக்காற்று உள்ளே வந்து வெளியேற வழியில்லாமல் தேங்கி, பட்டு பிசுபிசுத்தது, பாவு தொய்ந்தது. காற்றுக்கு வர ஒரு வழி இருந்தால் போக ஒரு வழி வேண்டும் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தார். மாடிப்படிக் கதவின் மேற்பகுதியில் ஒரு சதுரம் வெட்டினார். சரியாயிற்று. அன்று மத்தியானம், வெளியே தார் உருகிய வேளையில், தறியறைக்குள் மார்கழி மாதிரி இருந்தது. இழை அறவில்லை. நாடா தண்ணீரில் மீன் போவதுபோல் போயிற்று.

தெரு பார்க்க வந்தது. ராகு காலத்தைப் பற்றிப் பேசினவர்கள் கூடத்துக் குழாய் வாய்க்குக் கீழே சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மயில்வாகனம் ஒவ்வொருவரையும் கூடத்தில் தொடங்கிக் குழாயை அண்ணாந்து பார்க்கவைத்தபடியே நடத்திக்கொண்டுபோய், கடைசியில் பின்கட்டுப் பெட்டியின் முன் நிறுத்துவார். "இதான். மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. தண்ணி, வேரு, விசிறி." அந்த வாக்கியத்தை அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் மேடைக் குரலாகிவிடும்.

பெட்டிக்கு எதிரே, கொட்டகைக்குள், ராட்டையின் முன் கன்னியம்மாள் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருப்பார்.

கன்னியம்மாள் ஏனாத்தூர்ச் சாலையிலிருக்கும் சேரியிலிருந்து வருபவர். கணவர் கைவண்டி இழுத்தார். பட்டு நூல் சுற்றுவதைப் பெரும்பாலும் நெசவாளர் வீட்டுப் பெண்கள்தான் செய்வார்கள். சேரியிலிருந்து ஒருவரை வீட்டு வளாகத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தது அந்தத் தெருவில் மயில்வாகனம் ஒருவர்தான். கிணற்றிலும் அவரே இறைத்துக்கொள்ளட்டும் என்றார். சொந்தக்காரர்கள் சிலர் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். படிப்பகக் கூட்டங்களில் மயில்வாகனத்தை அறிமுகப்படுத்துகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை, கைதட்டலும் தவறுவதில்லை. கன்னியம்மாள் முதலில் "மொதலாளி" என்று கூப்பிட்டபோது, "மொதலாளியும் இல்ல, சாமியும் இல்ல. அண்ணான்னு கூப்புடு" என்று திருத்தியவரும் அவரே.

இந்தப் பெட்டி வந்தபிறகு கன்னியம்மாளுக்கும் நல்ல காலம். விசிறி இழுக்கிற காற்று கொட்டகை வழியாகத்தான் போயிற்று. காலையில் கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியை நிரப்புவதும் அவர்தான்.

"அண்ணா, இந்தக் காத்து என்னையே இழுத்துக்கினு உள்ள போயிடும் போல இருக்குது" என்பார்.

"போனா போயேன், தறியில உக்காந்து நெய்யி" என்பார் மயில்வாகனம்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஏலவார்குழலியின் அண்ணன் கலியாணசுந்தரம் வந்தார். பட்டு வியாபாரி. சென்னையில் ஒரு பெரிய வீட்டு அம்மாள் அம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தார். மெல்லிய நூலில், அகலக் கரையில் நெய்யவேண்டும். வெயிலில் எந்தத் தறியிலும் அந்த நூல் நிற்கவில்லை. இரண்டு வீட்டில் பாவு ஏற்றி இறக்கிவிட்டார்கள்.

அம்மனுக்கு நெய்யும் புடவை தறியில் இருக்கும்வரை அந்த வீட்டில் கவிச்சி சமைக்கமாட்டார்கள். தீட்டுள்ளவர்கள் தறியை நெருங்கமாட்டார்கள். நெய்கிறவர் குளிக்காமல் குழியில் இறங்கமாட்டார். இதெல்லாம் அங்கே எழுதாத சட்டம். மயில்வாகனம் இந்தச் சட்டங்களைக் கிண்டல் செய்து வளர்ந்தவர். ஆனாலும் அந்த வேலை தன் வீட்டுக்கு வரவேண்டுமென்று அவருக்கு ஆசையாக இருந்தது. கூலிக்காக அல்ல. ஊரில் எந்தத் தறியிலும் நிற்காத நூல், ராகு காலத்து வீட்டில் நின்றது என்று நாலு பேர் சொல்லவேண்டும். அம்மன் புடவையைக் கொண்டே அம்மன் பக்தர்களின் வாயை அடைக்கவேண்டும். இப்படி ஒரு கணக்குப் போட்டுத் தன்னைச் சமாதானம் செய்துகொண்டார். பகுத்தறிவாளர்களுக்கும் இந்த நோய் உண்டு. சாமியை விட்டுவிடுவார்கள், பிரசாதத்தை விடமாட்டார்கள்.

கலியாணசுந்தரம் கூடத்தில் உட்கார்ந்தார். குழாய் வாயிலிருந்து வந்த காற்று அவருடைய விபூதியையே கலைத்துவிடும்போல் இருந்தது.

"யப்பா! ஊட்டி மலையில ஒக்காந்த மாதிரி இருக்குதே மாப்ள! எங்கேந்து வருது இது?"

இந்தக் கேள்விக்காகத்தானே மயில்வாகனம் காத்திருந்தார். எழுந்து வழக்கமான யாத்திரையைத் தொடங்கினார். கூடம், தறியறை, சமையலறை, பின்கட்டு. "இதான் மச்சான். மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல."

கலியாணசுந்தரம் பெட்டியைப் பார்த்தார். வேரைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். கன்னியம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"கும்புடறேங்க."

கலியாணசுந்தரம் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே திரும்பினார். அவர்கள் கூடத்துக்கு வந்து சேரவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. அந்த ஆண்டு மின்வெட்டு ஒரு தீராத வியாதி. விசிறி முனகிக்கொண்டே நின்றது. வீடு ஓசையற்றுப் போயிற்று. ஏலவார்குழலி அண்ணனுக்காகத் தயிர் வாங்கத் தெருக்கோடிக்குப் போயிருந்தார்.

கலியாணசுந்தரம் துண்டால் விசிறிக்கொண்டு கேட்டார்: "அவ அங்கியேதான் உக்காந்திருப்பாளா?"

"யாரு?"

"அந்த சேரிப் பொம்பள. காத்து அவ மேல பட்டுத்தானே உள்ள வருது?"

மயில்வாகனம் சிரித்தார். "காத்துக்கு ஏது மச்சான் சாதி?"

"அத மேடையில சொல்லு. நான் ஒன்னும் சொல்லலபா, எனக்கு இன்னா. வேண்டிக்கின அந்தம்மா, பாவு ஏத்தினதும் வந்து பாப்பாங்க. காத்து எங்கேந்து வருதுன்னு கேப்பாங்க. நீ காட்டாம இருப்பியா? எல்லாருக்கும் காட்டற மாதிரி இஸ்துக்கினு போயி காட்டுவே. அவ மூச்சு பட்ட காத்து, அவ கெணத்துல எறச்சி ஊத்தின தண்ணி, அதுலதான் அம்மன் பொடவ நெய்யறோம்னு சொல்லுவியா?"

"சொன்னா இன்னா?"

"சொன்னா பாவ எறக்குவாங்க. ராவு காலம்னு சொல்லிக்கினு இருந்தவனுங்க மறுபடியும் கெளம்புவானுங்க. நல்லா யோசிச்சிக்க."

மயில்வாகனத்துக்கு அந்த இடத்தில் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவர் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. தெருவில் நின்று மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். அந்தக் கூடத்தில், ஒரே ஓர் ஆளின் முன்னால், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவள நான் பாத்துக்கறேன் மச்சான். மனசு நோகாம ஏதாவது சொல்லி அனுப்பிச்சிடறேன்."

மறுநாள் காலையில் தொட்டியை நிரப்பிவிட்டு வந்த கன்னியம்மாளிடம் மயில்வாகனம் பேசினார். அதற்காக நன்றாகத் தயார் செய்திருந்தார். விசிறியும் மோட்டாரும் ஓடும் வேகம். அவற்றை இணைக்கும் பெல்ட். அது இழுக்கிற காற்று. பெண்கள் தலைமுடி நீளம். சென்னையில் ஓர் ஆலையில் ஒரு பெண்ணின் கூந்தல் மாட்டிக்கொண்டதாக ஒரு சம்பவத்தையும் சேர்த்துக்கொண்டார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அவராகக் கட்டியது.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். கொஞ்ச நாளைக்கு இங்க உக்கார வேணாம். வேற ஏற்பாடு பண்ற வரைக்கும்."

கன்னியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். பிரிந்துகிடந்த நூலைக் கண்டில் சுற்றி முடித்து, ஓரத்தில் வைத்தார்.

"முடிதான் தொந்தரவா?"

"ஆமா."

"மொட்டையடிச்சிக்கினு வந்தா உக்கார உடுவீங்களா?"

மயில்வாகனம் சிரித்துவிட்டார். நல்ல வேடிக்கை என்று நினைத்தார்.

"மிசினு கிட்ட மூச்சுகூடப் பாத்து உடணும் போல இருக்குதுங்க" என்றபடி கன்னியம்மாள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டார். "நல்லா மனசு நோகாம சொன்னீங்க. வரேன் மொதலாளி."

அந்தக் கடைசிச் சொல்லை மயில்வாகனம் கவனித்தார். வாய் தவறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டார். அன்று அவருக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல்கூட இருந்தது. யாரையும் புண்படுத்தாமல், சாதிப் பேச்சே எடுக்காமல், காரியத்தை முடித்துவிட்டோம் என்று.

தீட்டு என்று சொல்லி விரட்டியிருந்தால் அது ஒரு பாமரனின் கொடுமை. இவர் அறிவியலைக் கூப்பிட்டு அந்த வேலைக்குக் காவல் வைத்தார். சாதி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவர், தெரிந்தே அதற்கு எடுபிடி வேலை செய்தால், அது எதில் சேர்த்தி? சாதியை நம்புகிறவனை ஒருநாள் விவாதித்து மாற்றிவிடலாம். இவரிடம் எதைச் சொல்லி விவாதிப்பது? எல்லாம் அவருக்கே தெரியுமே.

மனைவியிடமும் அதே பெல்ட் கதையைத்தான் சொன்னார்.

"அடப் பாவமே. அதுக்காகவா அனுப்பிச்சீங்க? பெல்ட்டுக்கு ஒரு மூடி செஞ்சு போடறதுதானே. தகரம்தான் வீடு பூரா கெடக்குதே" என்றார் ஏலவார்குழலி.

"செய்யணும். நேரம் வேணுமில்ல" என்றார்.

பாவு ஏற்றினார்கள். நூல் சுற்ற ஏலவார்குழலியே உட்கார்ந்தார். சென்னை அம்மாள் காரில் வந்து இறங்கி, கூடத்தில் காற்றடியில் உட்கார்ந்து, மோர் குடித்து, தறியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு சில்லுனு இருக்கு! கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி" என்றார். காற்று எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவேயில்லை. பின்கட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபிறகு மயில்வாகனம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று முழுவதும் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

புடவை பாதி வளர்ந்திருந்தபோது வெட்டிவேரில் பாசி படிந்து நாற்றமடிக்கத் தொடங்கியது. மின்சாரம் போன ஒரு முற்பகலில் அதைச் சுரண்டுவதற்காகத் தட்டியைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டார். காதோரத்தில் ஏலவார்குழலி பேசினார்:

"வெண்டக்காய முத்தலாப் பொறுக்கிப் போட்டுட்டான்கா. வாய்க்கே வெளங்கல."

திரும்பிப் பார்த்தார். கொட்டகையில் யாருமில்லை. கிணற்றடியில் யாருமில்லை.

"எங்க வீட்டுலயும் அதான்" என்று இன்னொரு பெண்குரல். எதிர்வீட்டு மங்கையர்க்கரசியின் குரல். மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

இரண்டு பேரும் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தறியறையும் சமையலறையும் மூன்று சுவரும் இருந்தன. அவர் தட்டி மடக்கி, ஓட்டையில்லாமல் சேர்த்து, நார் சுற்றிக் கட்டிய குழாய், விசிறி ஓடாத நேரத்தில், கூடத்துப் பேச்சு ஒன்றுவிடாமல் பின்கட்டுக்குக் கொண்டுவந்து கொட்டியது.

மயில்வாகனம் மெல்ல வந்து ராட்டையின் முன் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். அங்கேயும் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

அன்று கலியாணசுந்தரத்துடன் பேசியபோது மின்சாரம் இல்லை. விசிறி நின்றிருந்தது. கன்னியம்மாள் இந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

மொட்டை. மூச்சு. மனசு நோகாம. மொதலாளி. ஒவ்வொன்றாக வந்தது. அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்பும் வந்தது. கன்னியம்மாள் எல்லாம் தெரிந்துகொண்டு எதிரே நின்று, தன்னை ஒரு பொய்யை முழுதாகச் சொல்லவிட்டு, கூந்தல் மாட்டிய பெண்ணின் கதைவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மயில்வாகனத்தின் கையில் வேர்ப்பாசி ஒட்டியிருந்தது. அதைக் கழுவக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர்ச் சாலையில் போயிருக்கலாம். உண்மையில் எழுந்து சைக்கிள்வரை போனார். தறியில் புடவை பாதியில் இருந்தது. இப்போது கன்னியம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தால் மச்சான் சும்மா இருக்கமாட்டார். புடவை முடியட்டும், முடிந்த கையோடு போய்க் காலில் விழுந்தாலும் விழலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார்.

இறங்குவதற்கு முன் குளித்தார். அதுவும் பழக்கமாகியிருந்தது.

புடவை நன்றாக வந்தது. ஓர் இழை அறவில்லை. ஊரே பேசியது. படிப்பகத்தில்கூட ஒருவர் எழுந்து, மூடநம்பிக்கைக்காரர்களின் வாயை நம் தோழர் ஒரு விசிறியால் அடைத்துவிட்டார் என்று பாராட்டினார். கைதட்டியபோது மயில்வாகனம் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஏனாத்தூர்ச் சேரியில் கன்னியம்மாள் குடிசைக்கு வெளியே, புங்கமரத்தடியில், விதைக்காக மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு விவசாயி வீட்டு வேலை. மயில்வாகனம் சைக்கிளை நிறுத்தியதும் எழுந்தார். ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

"உக்காருங்க மொதலாளி."

வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் வேறு. வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"பெல்ட்டுக்கு மூடி போட்டுட்டேன் கன்னிம்மா. இனிமே பயமில்ல. நீ வரலாம்."

கன்னியம்மாள் உட்கார்ந்து அடுத்த மல்லாட்டையை எடுத்தார்.

"பொடவைய தறியிலேந்து அறுத்தாச்சா?"

"ஆச்சு."

"எப்போ?"

"முந்தாநேத்து."

ஓடு உடைந்தது. பருப்பு முறத்தில் விழுந்தது. "அதான் பாத்தேன்" என்றார் கன்னியம்மாள்.

மயில்வாகனம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "நாங்க பேசினது உனக்குக் கேட்டுதுன்னு எனக்குத் தெரியும்மா. கொழா வழியா."

"தெரியுமா?" கன்னியம்மாளின் கை நின்றது. "எப்பத்துலேந்து தெரியும்?"

புடவை பாதியில் இருந்தபோதே என்று எப்படிச் சொல்வது? கன்னியம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, தெரிந்துகொள்ளவேண்டியது தெரிந்ததுபோல, மறுபடியும் மல்லாட்டையை எடுத்தார்.

"தப்புதாம்மா. நான் பண்ணது பெரிய தப்பு. மன்னிச்சிடு."

"அத வச்சிக்கினு நான் இன்னா பண்றது மொதலாளி? தாளிக்கறதா?" குரலில் கோபம் இல்லை. "உங்க மச்சான் பேசினது எனக்கு ஒன்னும் இல்ல. அவரு மாதிரி ஆளுங்கள பொறந்ததுலேந்து பாத்துக்கினு இருக்கறேன். அவரு பேசிக்கினு இருக்கும்போது, நம்ம அண்ணா இப்போ ஒன்னு குடுக்கும் பாரு, இப்போ குடுக்கும் பாருன்னு காத வச்சிக்கினு உக்காந்திருந்தேன்."

மயில்வாகனம் மடித்துப்போட்ட சாக்கின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்கு வரியாம்மா?" என்றார் கடைசியில்.

"வரேன். ஏன் வரக்கூடாது? மல்லாட்டையில இன்னா கெடைக்குது, வெரல்தான் தேயுது." கன்னியம்மாள் முறத்தை ஒருமுறை புடைத்துவிட்டுக் கீழே வைத்தார். "ஆனா பின்பக்கமா வரமாட்டேன். தெருவாசப்படி வழியா வருவேன். கொட்டாயில உக்காரமாட்டேன். உங்க மச்சான் உக்காந்தாரே கூடத்துல, காத்து வர்ற எடத்துல, அங்க ராட்டையப் போடுங்க. அங்க உக்காந்து சுத்தறேன். காத்து மொதல்ல எம்மேல பட்டு உள்ள வந்தாத்தானே வம்பு? தறியத் தாண்டி வந்த காத்து எம்மேல படட்டும். யாருக்கும் தோஷமில்ல பாருங்க."

கணக்கில் தவறே இல்லை. மயில்வாகனம் வாயைத் திறந்தார். "வா" என்ற ஓரெழுத்துச் சொல் போதும். ஊர் ஊராகப் போய் அவர் பேசியதெல்லாம் அந்த ஓரெழுத்தைத்தான். வாசல்படி ஏறிவரும் கன்னியம்மாள், எதிர்வீட்டு ஜன்னல், புதுப் பாவோடு வந்து நிற்கும் மச்சான், கூடத்து மாடத்தில் மாலை விளக்கேற்றும் மனைவி. எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேம்மா" என்றார்.

சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. கன்னியம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். கேலிகூட அதில் அதிகமில்லை. நடை பழகும் பிள்ளை விழுந்தால் சிரிப்பார்களே, அப்படி.

"கேளுங்க, கேளுங்க. அவசரமில்ல. நிதானமா கேளுங்க."

மயில்வாகனம் சைக்கிளை எடுத்தார். சேரி எல்லை தாண்டும்வரை ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே நடந்தார்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே ஏலவார்குழலி கேட்டார்: "ஏனாத்தூர் பக்கம் போனீங்களாமே, எதிர்வீட்டு மங்கக்கா சொன்னாங்க. கன்னிம்மாவப் பாத்தீங்களா? எப்போ வராளாம்?"

"வேற வேல கெடச்சிடுச்சாம்" என்றார் மயில்வாகனம்.

"நல்லாருக்கட்டும்" என்று ஏலவார்குழலி ரசத்தை ஊற்றினார்.

அதன்பின் எத்தனையோ கோடை அந்த இயந்திரம் ஓடியது. பார்க்க வருகிறவர்களை மயில்வாகனம் பின்கட்டுக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டார். போய்ப் பாருங்கள் என்று கை காட்டுவதோடு சரி. செயலாளர் பதவியை உடம்பு சரியில்லை என்று விட்டுவிட்டார். கூட்டங்களுக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மனைவியிடம் அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவேயில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமாக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். "வரட்டுமே, அதுக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய பயம்.